ஆளில்லாத காரின் சத்தம்

பேய்க்கதையோடு யாராவது என் கராஜுக்கு வந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பதுளையில் வாகன வயரிங் வேலை பார்த்த காலத்தில் நான் எத்தனையோ பேய்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். தானாக அடிக்கும் ஹோர்ன், தானாக எரியும் விளக்கு, நல்ல வெயிலில் யாரும் தொடாமல் ஆடும் வைப்பர். எல்லாப் பேயும் தோல் உரிந்த ஏதாவது ஒரு வயரில்தான் குடியிருந்தது. டேப் சுற்றினால் போய்விடும். அந்தக் கறுப்புக் கார் ஒன்றுதான் என் வாயை அடைத்தது. இத்தனை வருஷம் கழிந்தும் அதை நினைத்தால் முகம் சூடாகிறது.

கார் பதுளை கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். கொஸ்லந்தையில் அவருக்கு ஒரு கிளைக்கடை இருந்தது. தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் தீபாவளிக்குத் துணி எடுப்பது அங்கேதான். வாரத்தில் இரண்டு நாள் பண்டாரவளை, ஹப்புத்தளை, பெரகலை என்று மலையைச் சுற்றி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, பழைய வேனை விற்றுவிட்டு அந்த ஜெர்மன் காரை எடுத்தார்.

அதில் ஹேண்ட் பிரேக் கம்பி கிடையாது. கம்பி இருக்கவேண்டிய இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டன். அதை அமுக்கினால் பின் சக்கரம் இரண்டிலும் இருக்கும் சின்ன மோட்டர்கள் சுற்றி, பிரேக் பேடை, சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கோடு நெரிக்கும். பட்டனில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். பதுளையில் அப்படி ஒரு காரை நான் அதுவரைக்கும் கண்டதில்லை. ஆனால் கண்டதில்லை என்று சொல்கிற பழக்கமும் எனக்கு அப்போது இல்லை.

வாங்கிய ஒரே மாதத்தில் முதலாளியும் அவர் மனைவியும் காரோடு வந்து நின்றார்கள். அந்த அம்மாவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"மலை எறங்கி வந்து, நிப்பாட்டிப் பூட்டிட்டு கோயிலுக்குள்ள போறோம்ங்க. சாமி கும்பிட்டுட்டு வந்து செருப்பு மாட்டுறேன். கார்ல ஆளில்ல. பின்னாலயிருந்து கிர்ர்ர்னு ஒரு சத்தம். யாரோ தூக்கத்துல பல்லைக் கடிக்கிற மாதிரி. இது மூணாவது தடவை. நான் இனி இதுல ஏறமாட்டேன்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். காரை ஒரு நாள் முழுக்க கராஜில் போட்டு, பட்டனை ஐம்பது தடவை அமுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. எங்கேயோ கரண்ட் கசிகிறது, அதுதான் மோட்டரை எப்போதாவது சுண்டிவிடுகிறது என்று முடிவுகட்டினேன். அதற்கு எங்கள் மலைநாட்டில் கைகண்ட வைத்தியம் ஒன்று உண்டு. மெயின் சுவிச். இங்கே ஓடும் லொறி, வேன் எல்லாவற்றிலும் சீட்டுக்குக் கீழே பெட்டரி வயரில் ஒரு சுவிச் இருக்கும். வண்டியை நிறுத்தினால் அதைத் திருகி அணைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். குளிரில் பெட்டரி இறங்காது, மழையில் வயர் எரியாது, கள்ளனும் கொண்டுபோக முடியாது. நானே நூற்றுக்கணக்கில் பூட்டியிருக்கிறேன். இதிலும் ஒன்றைப் பூட்டினேன்.

"கரண்டே இல்லாத கார்ல எந்தப் பேய் பல்லைக் கடிக்கும், சொல்லுங்க?" என்று கேட்டேன். அந்த அம்மாவே சிரித்தார். அன்றோடு சத்தம் நின்றது. கடைவீதியில் என்னைப் பற்றி நாலு பேரிடம் முதலாளி பெருமையாகச் சொன்னதாகக் கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில் அந்தக் காரின் டிரைவர் தனியாக வந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவு. கொஸ்லந்தைப் பக்கத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவர். அதிகம் பேசாத ஆள். காரை வாசலில் நிறுத்தினார், பட்டனை அமுக்கினார், விளக்கைப் பார்த்தார், மறுபடி குனிந்து பார்த்தார், மெயின் சுவிச்சை அணைத்தார். இறங்கி இரண்டு கல்லைத் தேடி எடுத்துவந்து பின் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். என் கராஜ் வாசல் மட்டமான தரை.

"இங்க எதுக்குக் கல்லு?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் பாஸ்" என்றார். இங்கே மெக்கானிக் யாராக இருந்தாலும் பாஸ்தான்.

உட்காரச் சொல்லி விசாரித்தேன். கார் இரண்டு தடவை தானாக ஓடியிருக்கிறது. இரண்டு தடவையும் ஒரே இடம்: கொஸ்லந்தைக் கடைக்குப் பின்னால் தோட்டத்துக்கு ஏறும் சாய்வு ரோடு. முதல் தடவை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சக்கரம் இறங்கி நின்றது. இரண்டாவது தடவை கீழே பீலிக்கரை வரைக்கும் போய்விட்டது. மலைத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டும் அந்த இடத்தில் ஒரு பெண் குடத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருக்கிறாள். கார் அவளுக்கு ஒரு முழம் பக்கத்தில் மண் திட்டில் முட்டி நின்றது. சத்தமே இல்லாமல் வந்ததால் அவள் திரும்பக்கூட இல்லை.

"நிப்பாட்டி பத்து நிமிசம் நல்லா நிக்குதுங்க. நான் கடைக்குள்ள போய் டீ குடிக்கிறேன். அப்புறந்தான் எறங்குது. மொதலாளி ஓடிவந்து மெயினைப் போட்டுப் பாத்தாரு. பட்டன்ல சிவப்பு எரியுது. 'நீ ஓடிவந்து இப்ப அமுத்தியிருக்க'ன்னு சொல்றாரு. இன்னொரு தடவை நடந்தா வேலைக்கு வரவேணாம்னுட்டாரு."

"கியர்ல விடுறதுதானே? கல்லு வைக்கிறதுதானே?"

"வுடமாட்டாரு. ஜன்னல் வழியா கையை விட்டு ஸ்டாட் பண்ணுற பழக்கம் அவருக்கு. பழைய வேன் கியர்ல கெடந்து சொவத்துல முட்டிருச்சு. அதுலயிருந்து நியூட்ரல்லதான் விடணும். கல்லு வச்சா, இவ்வளவு பெரிய காருக்குக் கல்லான்னு வெக்கப்படுறாரு."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் சாதாரண வேலையாக எடுத்திருப்பேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "எனக்கு வேலை போனாலும் பரவாயில்லீங்க பாஸ். நான் அமுத்தினேனா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும்" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. அன்றைக்குக் கேட்கவும் இல்லை.

இரண்டு நாள் காரை வைத்துப் பார்த்தேன். சக்கரங்களைக் கழற்றினேன். மோட்டருக்குப் போகும் வயரை நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவினேன். பிளக்குகளுக்குள் மூடுபனித் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்தேன். மோட்டர் இழுக்கும் கரண்டை அளந்தேன். காரின் கம்ப்யூட்டரில் பதிந்திருப்பதைப் படிக்க, கொழும்பிலிருந்து வரவழைத்த ஸ்கேனரை மாட்டினேன். பெட்டரி கரண்ட் போய்ப்போய் வந்திருக்கிறது என்று பழைய குறிப்புகள் வரிசையாக இருந்தன. மெயின் சுவிச் இருந்தால் அப்படித்தானே இருக்கும் என்று அழித்துவிட்டேன். பிறகு காரை ஹாலிஎல ரோட்டில் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டைக் கட்டிப்போட்டதுபோல் நின்றது.

டிரைவர் குடிக்கிறாரோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அதை வாயைவிட்டும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஒரு தடவை என்னோட வாங்க பாஸ். அந்த ரோட்டுலதான் வரும். இங்க வராது" என்றார். வரும் என்று அவர் சொன்னது காரை அல்ல என்று எனக்குத் தோன்றியது. எரிச்சலோடுதான் கிளம்பினேன்.

யுத்தம் முடியாத காலம் அது. ஒரு தமிழன் ரோட்டோரத்தில் நின்று காருக்குள் வயரை விட்டு ஒரு பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தால் என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்கேனரைத் துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பார்சலோடு பார்சலாக சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ஹப்புத்தளை தாண்டியதும் மூடுபனி இறங்கியது. பெரகலை வரைக்கும் வளைவுக்கு வளைவு பிரேக்கிலேயே கால். அங்கிருந்து கொஸ்லந்தைக்கும் அதே இறக்கம். கடைக்குப் பின்னால் போய்ச் சேரும்போது மத்தியானம் இரண்டு மணி இருக்கும். முன்னால் முப்பதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அவர் நியூட்ரலில் போட்டு, பட்டனை அமுக்கினார். விளக்கு எரிவதை நானும் என் கண்ணால் பார்த்தேன். மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு இறங்கினோம். சக்கரங்களுக்கு இறக்கப் பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு பெரிய கற்களை வைத்தேன். பின் டயரில் சோக்கால் ஒரு கோடு கிழித்து, அதற்கு நேராகத் தார் ரோட்டிலும் ஒரு கோடு கிழித்தேன். கொஞ்சம் தள்ளி மதகுச் சுவரில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் கூரை போன ஒரு பழைய லயம், ஆறு காம்பரா, ஆறு கதவில்லாத வாசல். பனி அந்த வாசல்களுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை.

"இதுதான் எங்க லயம். நாலாவது காம்பரா" என்றார் டிரைவர்.

அப்போதுதான் மிச்சத்தைச் சொன்னார். தொண்ணூறுகளில் அவர் இதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டினார். அவருடைய சொந்த அண்ணன்தான் லொறியில் கிளீனர். நிறுத்திய உடனே இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போடுவது அண்ணனின் வேலை. ஒரு நாள் மழையில் மேலே இருந்து இறங்கி, இந்த ரோட்டில் இன்னும் இரண்டு வளைவு கீழே, கொழுந்து நிறுக்கும் கொட்டிலுக்கு முன்னால் லொறியைத் திருப்பி, மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினார்கள். மழை விடட்டும் என்று இருவரும் உள்ளேயே இருந்தார்கள். இவர் காலைப் பிரேக்கில் வைத்திருந்தார். பத்து நிமிஷம் கழித்து அண்ணன் கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். இவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். லொறி பின்னால் போனது.

"எல்லாரும் ஓடியாந்து அண்ணனைப் பொணமா எடுக்கயில ஹேண்ட் பிரேக் கம்பி மேலதான் இருந்திச்சு. ஆனா பாஸ், காலை எடுக்க முந்தி இழுத்தேனா, அண்ணன் சத்தம் கேட்ட பொறகு இழுத்தேனா, அது எனக்கு ஞாபகமே இல்லீங்க. எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். கையி இழுக்கிறது தெரியுது. எப்பன்னு தெரியமாட்டேங்குது."

இந்த மனிதரைப் பார்த்துத்தான் குடிக்கிறாயா என்று கேட்டேன் என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. ஏதாவது சொல்லவேண்டுமே என்று திரும்பியபோது டயர் கண்ணில் பட்டது.

சோக்குக் கோடு ரோட்டுக் கோட்டை விட்டு விலகியிருந்தது.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். எழுந்து கிட்டப் போனேன். கோடு கடிகார முள்ளைப்போல, பார்க்கும்போது நிற்பதாகவும் இமைத்தால் நகர்ந்ததாகவும் இருந்தது. ஒரு சத்தம் கிடையாது. உள்ளே ஆள் கிடையாது. பிறகு கார் மனம் மாறினதுபோல் ஒரே உருளலாக உருண்டு கற்களில் ஏறி நின்றது. இருபது வருஷமாகப் பேயை வயருக்குள் தேடினவன், அப்போது அந்த நாலாவது காம்பராவைத் திரும்பிப் பார்த்தேன்.

"வந்துட்டாரு" என்றார் டிரைவர், மெதுவாக. அவர் அதைப் பயந்து சொல்லவில்லை. வரவேண்டிய ஆள் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். "வாயை மூடிட்டு ஏறுங்க, மறுபடி மேல போவோம்" என்று கத்தினேன். பெரகலை வரைக்கும் ஏறித் திரும்பி, அதே இறக்கத்தில் அதே மாதிரி பிரேக் போட்டு இறங்கினோம். அதே இடம், அதே கற்கள், புதுக் கோடு. ஒரே ஒரு வித்தியாசம். இந்தத் தடவை ஸ்கேனரை மாட்டி வைத்து, பிரேக் எப்போது விடுகிறது என்று நேரடியாகப் பார்க்க நினைத்தேன். கரண்ட் இல்லாமல் ஸ்கேனர் வேலை செய்யாது. அதனால் மெயின் சுவிச்சை அணைக்கவேண்டாம் என்றேன். ஜன்னல் இடுக்கு வழியாக வயரை வெளியே எடுத்துக்கொண்டு, காருக்குப் பக்கத்திலேயே குந்தினேன்.

ஐந்து நிமிஷம் போனது. பனி அடர்ந்து, கடையின் பின்பக்கமும் மறைந்துவிட்டது. கீழே பீலியில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஏழு நிமிஷம். கோடு அசையவில்லை. டிரைவர் என் முதுகுப் பக்கம் வந்து நின்றுகொண்டார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது.

கிர்ர்ர்ர்.

காருக்குள்ளிருந்து, என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில். அந்த அம்மா சொன்னது சரிதான், தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் சத்தமேதான். டிரைவர் என் சட்டையைப் பிடித்தார். நான் அலறினேன். அலறவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். ஸ்கேனர் கையிலிருந்து விழப்போனது. அதை எட்டிப் பிடித்தபோதுதான் பார்த்தேன். இரண்டு மோட்டருக்கும் நேரே இருந்த எண்கள் மாறியிருந்தன. பிரேக் முன்பைவிட இறுகியிருந்தது. யாரும் பட்டனைத் தொடவில்லை. கார் தானே இறுக்கிக்கொண்டது.

நாங்கள் அரை மணிநேரம் நின்றோம். சோக்குக் கோடு ஒரு மயிரளவும் நகரவில்லை.

குந்தியிருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எல்லாம் விளங்கிப்போனது. மலை இறங்கி வரும்போது டிஸ்க் கைவைக்க முடியாமல் கொதிக்கும். கொதிக்கும் இரும்பு கொஞ்சம் தடித்திருக்கும். அந்த நேரத்தில் பட்டனை அமுக்கினால் பேட் அந்தத் தடிப்பைத்தான் நெரிக்கும். பத்து நிமிஷத்தில் டிஸ்க் ஆறி மெலியும். பிடி தளரும். இதெல்லாம் அந்தக் காரைச் செய்தவனுக்குத் தெரியும். அதனால்தான் எல்லோரும் இறங்கிப் போன பிறகு கார் தனியாக விழித்து, மோட்டரை இன்னொரு தடவை சுற்றி, தளர்ந்த பிடியை இறுக்குகிறது. அதுதான் அந்தச் சத்தம். கராஜில் ஐம்பது தடவை அமுக்கியும் கேட்காமல் போனதற்குக் காரணம், அங்கே டிஸ்க் சூடாகவே இல்லை. ஹாலிஎல ஏற்றத்திலும் அப்படித்தான்.

கோயில் வாசலில் அந்த அம்மாவைப் பயமுறுத்திய சத்தம்தான் அவ்வளவு நாளும் காரைப் பிடித்து வைத்திருந்தது. நான் மெயின் சுவிச்சைப் பூட்டி அதன் கழுத்தைத் திருகிவிட்டேன். குடத்தோடு முதுகைக் காட்டி நின்ற பெண்ணை நினைத்தேன்.

டிரைவருக்கு இதெல்லாம் தெரியாது. பின் மோட்டர் பழுது, புதுசு போட்டுவிட்டேன் என்று சொன்னால் காக்கா குருவிக்கும் தெரியாமல் முடிந்திருக்கும். அந்த யோசனை எனக்கு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர் மறுபடியும் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு, நான் பூட்டின சுவிச், உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். நான் அவர் இடத்தில் இருந்தால் ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன்.

"அப்ப நான் பட்டனை அமுத்தியிருக்கேன்" என்றார்.

"ஆமா. அமுத்தியிருக்கீங்க."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

தலையை ஆட்டிக்கொண்டார். துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். பனியா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை.

அன்றைக்கே பதுளைக்குத் திரும்பி, மெயின் சுவிச்சைக் கழற்றி எறிந்து, பெட்டரி வயரைப் பழையபடி ஒரே துண்டாக மாட்டினேன். பின் பேடுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்கேனரில் பிரேக்கைப் புதிதாகப் பழக்கினேன். நேரே துணிக்கடைக்குப் போய், வேலையாட்கள் எல்லோரும் நிற்கும்போதே முதலாளியிடம் சொன்னேன். "அப்ப நீங்க பேயை ஓட்டல, காவல்காரனை ஓட்டியிருக்கீங்க" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. டிரைவரிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் பிளாஸ்க்கைத் திறந்து, தன் கையால் டீ ஊற்றி அவரிடம் நீட்டினார். கல்லும் வைத்துக்கொள் என்றார்.

என்னை கராஜில் இறக்கிவிட டிரைவர்தான் வந்தார். காரை நிறுத்தி, பட்டனை அமுக்கி, இறங்காமல் அப்படியே இருந்தார்.

"பாஸ், ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு லொறியும் மேலயிருந்து சூட்டோடதான் எறங்கிச்சு. பத்து நிமிசம் நின்னுச்சு. நான் முந்தியே கம்பியை இழுத்து வச்சிருந்து, ஆறினதும் இதே மாதிரி விட்டிருக்குமோ?"

எனக்கு விடை தெரியும். லொறியில் இருந்தது டிஸ்க் அல்ல, ட்ரம். ட்ரம் என்ற இரும்புக் கூட்டை பிரேக் கட்டைகள் உள்ளேயிருந்து வெளியே தள்ளிப் பிடிக்கும். ட்ரம் ஆறினால் சுருங்கும், சுருங்கினால் பிடி இன்னும் இறுகும். சூட்டில் இழுத்த ஹேண்ட் பிரேக் ஆறியபின் விடவே விடாது. அவர் கேட்டது நடக்கவே முடியாத காரியம்.

"ஆமா. அப்படித்தான் நடந்திருக்கும்" என்றேன்.

அவர் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நான் இறங்கிப் போய்விட்டேன். ஒரே நாளில் ஓர் உண்மையும் ஒரு பொய்யும் சொல்லியிருந்தேன். பொய் சொன்னதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சில மாதம் கழித்து, ஒரு மரக்கறி லொறிக்காரன் என்னிடம் வாயைக் கொடுத்துக்கொண்டிருந்தான். வெலிமடையிலிருந்து இறங்கி நிறுத்திய லொறி காலையில் அசையமாட்டேன் என்கிறதாம், வயரிங்தான் கோளாறாம். எனக்கு வழக்கம்போல் ஏறிவிட்டது. "வயரிங்குக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? சூட்டுல ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்க. ட்ரம் ஆறினா இன்னும் இறுக்கிப் புடிக்கும். இது தெரியாம லொறி ஓட்டுறியா?" என்று கத்திவிட்டுத் திரும்பினேன்.

துணிக்கடை டிரைவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். காரை சேர்விசுக்குக் கொண்டுவந்திருந்தார். கையில் சக்கரத்துக்கு வைக்க எடுத்த கல்.

லொறிக்காரனை அனுப்பிவைத்தேன். பிறகு நான் ஏதோ உளற ஆரம்பித்தேன்.

"விடுங்க பாஸ், எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "நானும் லொறிக்காரன்தானே. விடியக்காலையில ட்ரம் புடிச்சுக்கிட்டு, எங்கண்ணன் எத்தனை நாள் சுத்தியலால தட்டித் தட்டி விடுவிச்சிருக்காரு."

"தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"யாராச்சும் ஒருத்தர் வாயால ஒருக்கா கேக்கணும்போல இருந்திச்சுங்க."

அவர் கல்லை டயருக்கு அடியில் வைத்து, காலால் தட்டி இறுக்கினார். சாவியை என்னிடம் நீட்டவில்லை. போகவும் இல்லை. காரின் பின்பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மலை இறங்கி வந்த கார், சூட்டு வாடை அடித்தது. எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. எங்கே நிறுத்தினாலும் அவர் அப்படித்தான் நிற்கிறார் என்று முதலாளி ஒருமுறை குறைப்பட்டிருந்தார்.

நானும் பக்கத்தில் போய் நின்றேன். எட்டோ ஒன்பதோ நிமிஷம் இருக்கும். ஆளில்லாத காருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"சரிண்ணே" என்றார் அவர், சக்கரத்தைப் பார்த்து. பிறகு சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.